செலியமேட்டு மேகப்பெட்டி

வில்லியனூர் செல்போன் ரிப்பேர் கடையில் நேற்று உட்கார்ந்திருந்தேன். மழையில் நனைந்து என் போன் உயிரை விட்டிருந்தது. கடைக்காரர் அதைப் பிரித்துப் போட்டு, சின்ன பிரஷ் ஒன்றை ஸ்பிரிட்டில் தோய்த்து உள்ளே தேய்க்க ஆரம்பித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன் கெட்டுப்போனதற்குச் சிரிக்கிற ஆளை அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார். தலை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். மற்றவர்களுக்கு ஸ்பிரிட் வாசனை என்றால் ஊசி ஞாபகம் வரும், ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு நீதான் வருகிறாய், கையில் ஒரு மீன் ஐஸ் கட்டியோடு.

நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். எழுதி எந்த விலாசத்துக்கு அனுப்பப்போகிறாய் என்று கேட்காதே. நீ இருந்தபோது நான் அனுப்பிய மெசேஜ்களில் பாதிகூட நீ படித்ததில்லை. "நீளமா எழுதாதடி, நேர்ல வா" என்பாய். நேரில் வர வழியில்லை. அதனால் இதைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

நாம் இரண்டு பேரும் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்கள் என்பது ஊருக்கு மறந்துபோயிருந்தது. நமக்கும்தான். நீ பாகூர் பக்கமிருந்தும் நான் வில்லியனூர் பக்கமிருந்தும் பஸ்ஸில் நசுங்கி டவுன் காலேஜுக்குப் போய், கடைசி பெஞ்சில் ஒரே டிபன் பாக்ஸைப் பங்குபோட்டு வாங்கிய பட்டம் அது. அதை வைத்து எனக்கு ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் வேலை கிடைத்தது. உனக்குச் செலியமேட்டில் கரும்பும் நெல்லும் வைத்திருந்த மாப்பிள்ளை கிடைத்தார். நான் ஒதியம்பட்டில் ரசீது போட்டேன், நீ அங்கே மாட்டுக்குத் தவிடு கரைத்தாய். மிக்ஸி நின்றுபோனால் மட்டும் உனக்குப் படிப்பு ஞாபகம் வரும். ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். பிறகு அந்த மிக்ஸியைக் கடைக்காரர்கூட எடுத்துக்கொள்ளமாட்டார்.

அப்புறம் உனக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து, முடி கொட்டுகிற ஊசி மருந்தெல்லாம் ஏற்றி, டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் 'கரண்ட்' வைத்தார்கள். நம் பக்கத்தில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அதுதானே பெயர். லீவு கிடைத்த நாளெல்லாம் நான் கூட வந்தேன். நீ உள்ளே போனதும் கனமான கதவைச் சாத்திவிட்டு அத்தனை பேரும் வெளியே வந்துவிடுவார்கள். திரும்பி வந்து நீ புடவையைச் சரிசெய்துகொண்டே முணுமுணுப்பாய், எல்லாரும் ஓடிவிடுகிறார்கள், என்னை மட்டும் படுக்கவைத்துவிடுகிறார்கள், ஏதோ வந்து தொட்டுவிட்டுப் போகிறது, அது எப்படி இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை என்று. நோயைவிட அதுதான் உனக்குக் குறையாக இருந்தது. வந்துபோன விருந்தாளியின் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

சிகிச்சை முடிந்து உன் தலைமுடி பழையபடி கொண்டைக்கு எட்டிய சமயம், பண்டசோழநல்லூரில் கட்டிக்கொடுத்த உன் மகள் முழுகாமல் இருக்கும் சேதி வந்தது. தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குக் கூட்டிவந்து பார்ப்பதுதானே முறை. நீ பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து, பழைய காட்டன் புடவைகளைத் துவைத்துக் கிழித்து மடித்தே வைத்துவிட்டாய். அப்போதுதான் சம்பந்தியம்மா சொல்லியனுப்பினார். பிரசவம் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், அவங்களுக்குக் கரண்ட் வைத்த உடம்பு, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று. அத்தோடு நிற்கவில்லை. வளைகாப்புக்கு வந்தாலும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் நல்லது என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

உன் மகள் போனில் இதைச் சொல்லி அழுதாள். நீ அழவில்லை. நேராகப் போய் டாக்டரைக் கேட்டாய். மெஷினிலிருந்து வருவது மெஷினை நிறுத்தினால் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது, தாராளமாகப் பிள்ளையைத் தூக்கலாம் என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதைச் சம்பந்தியம்மாவிடம் ஒப்பித்தாய். டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க, நாளைக்கு ஒன்று ஆனால் அவர்களா வந்து நிற்பார்கள் என்று பதில் வந்தது. அன்று சாயங்காலம் நீ என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாய்: "லைட்ட அணைச்ச பொறவு வெளிச்சம் செவுத்துல ஒட்டிக்கினு இருக்குமாடி?"

விட்டுக்கொடு, பிள்ளை பிறந்தபிறகு எல்லாம் சரியாகிவிடும் என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே அறிவுரை அது. நீ கேட்டுக்கொள்ளவில்லை. கதிர் வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் எந்நேரமும் எல்லார்மேலும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், கண்ணில் காட்டவேண்டும் என்றாய். கண்ணுக்கே தெரியாததை எப்படிக் காட்டுவாய் என்று கேட்டேன். அதற்குத்தான் இரண்டாம் வருஷப் புத்தகத்தில் ஒரு படம் இருந்ததே என்றாய்.

மேக அறை. நாம் பரீட்சைக்கு வரைந்து வைத்தது. காலேஜ் லேபில் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. மூடிய கண்ணாடிப் பெட்டி. மேலே ஸ்பிரிட்டில் நனைத்த துணி, அடியில் கடுங்குளிரான கறுப்புத் தட்டு. மேலிருந்து ஆவி இறங்கி வந்து தட்டுக்குச் சற்று மேலே சில்லிட்டுக் காத்திருக்கும். கதிர் ஒன்று அதைக் கடந்தால், போன வழியெல்லாம் ஆவி பொட்டுப்பொட்டாகத் துளிர்த்து ஒரு வெள்ளைக் கோடு விழும். கதிரைப் பார்க்கமுடியாது, அது நடந்த தடத்தைப் பார்க்கலாம். நீ அதற்கு மேகப்பெட்டி என்று பெயர் வைத்தாய்.

மேக அறை செய்து யூடியூபில் வீடியோ போட்ட அத்தனை பேரும் டிரை ஐஸ் வாங்கு என்றார்கள். கரியமில வாயுவை உறையவைத்த கட்டி. டவுனில் விசாரித்தால் சென்னையிலிருந்துதான் வரவேண்டும், மூட்டையாக எடுத்தால்தான் கொடுப்போம், அதுவும் செலியமேடு போய்ச் சேர்வதற்குள் கற்பூரமாகக் கரைந்துவிடும் என்றார்கள். நான் உள்ளூர நிம்மதிப்பட்டேன். நீ அதற்குள் பரண்மேல் ஏறியிருந்தாய். உன் மகள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த, தண்ணீரில் பிளாஸ்டிக் நாற்றம் வருகிறது என்று ஒதுக்கி வைத்திருந்த கூலிங் வாட்டர் மெஷினை இறக்கிப் பிரித்தாய். அதற்குள் பெல்டியர் என்று ஒரு சின்னச் சதுர வில்லை இருந்தது. கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் ஜில்லிடும், மறுபக்கம் கொதிக்கும். "நம்ம ரெண்டு பேரு மாதிரி" என்றாய். இதில் கொதிப்பது யார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு வில்லையின் குளிர் போதவில்லை. இன்னொன்று வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து பவர் சப்ளை பெட்டி வந்தது. கீழ்ப்பக்கச் சூட்டை இறக்க ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கு மீன்தொட்டி மோட்டார் ஒன்றும், பாகூர் சந்தையில் மீன்காரம்மாவிடம் வாங்கிய ஐஸும் கல்லுப்பும். அந்த ஐஸில் வஞ்சிரம் வாசனை போகவே போகாது. உங்கள் வீட்டுப் பூனை மூன்று தெருப் பூனைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தது. உன் வீட்டுக்காரர் வயலிலிருந்து வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். அவர் பேசுகிற ஆள் இல்லை. அந்த வேலை முழுக்க நடந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், இது வெடிக்குமா என்று.

பிறகுதான் அந்தக் கூத்து. சுத்தமான ஸ்பிரிட் வேண்டும். நல்ல ஸ்பிரிட்டுக்கு டவுனுக்குப் போகவேண்டும். லைசென்ஸ் கடைச் சாராயத்துக்கு நம் ஊரில் ரோடு திரும்பினால் போதும். இதுவும் ஆல்கஹால்தானே என்று நீ சொன்னாய், ஆமாம் இல்லையா என்று நானும் தலையாட்டினேன். இரண்டு பட்டதாரிகள். உன் வீட்டுக்காரரை வாங்கிவரச் சொன்னால், கோயில் கமிட்டியில் இருந்துகொண்டு அங்கே போய் நிற்கமுடியாது என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் என் ஸ்கூட்டியில் நாமே போனோம். முக்காடு போட்டுக்கொண்டு வா என்று நான் கெஞ்சினேன். நாம் என்ன திருடவா போகிறோம் என்று நீ நெற்றி நிறையப் பொட்டோடு வந்தாய். சாராயக்கடையில் நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். சுண்டல் விற்றவர் மட்டும் வீட்டில் விசேஷமா என்று மரியாதையாக விசாரித்தார். நீ அவரிடம் அணு இயற்பியல் விளக்க ஆரம்பித்தாய். நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினேன்.

சாராயத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பது தட்டு குளிர்ந்தபிறகுதான் நமக்கு உறைத்தது. கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. கறுப்புத் தட்டின்மேல் வெள்ளையாக உறைபனி படிந்து, பெட்டி முழுக்கப் புகைமண்டி, வீடே சாராயக்கடையாக மணத்தது. நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். பிறகு, வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். நான் உன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான் செய்யத் தெரிந்தது.

சரியான சரக்கைக் காட்டிக்கொடுத்தது நேற்று நான் போன இதே செல்போன் கடைதான். போன் போர்டு துடைக்கிற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், தண்ணீர் கலக்காதது. அதோடு வில்லைகளுக்கு நடுவே சூடு கடத்தத் தடவுகிற பசையும் கடைக்காரர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, பக்கவாட்டில் டார்ச்சை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் லேசாகத் தூறல் விழுவதுபோல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் குறுக்கே ஒரு வெள்ளை இழை ஓடியது. ஓடிய வேகத்திலேயே கலைந்தது. நீ என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. இன்னொன்று வந்தது. பிறகு ஒரு குட்டையான தடித்த கோடு. எங்கோ வானத்தில் கிளம்பிய கதிரும், மண்ணிலிருந்து வந்த கதிரும், நம் கூரையையும் பாத்திரங்களையும் ஊடுருவிக்கொண்டு நம் முன்னால் நடந்துபோயின. முப்பது வருஷத்துக்கு முந்தைய பரீட்சைப் படத்துக்கு உயிர் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். நீ அதையெல்லாம் சொல்லவில்லை. "தோ, இதான் அதுவா" என்றாய், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் முகம் காட்டாமல் போன விருந்தாளியின் சொந்தக்காரர்களையாவது பார்த்துவிட்டாய்.

அந்த நேரம் பார்த்தா சம்பந்தியம்மா வாசலில் வந்து நிற்கவேண்டும்? நீ சாராயக்கடையில் நின்ற சேதி பண்டசோழநல்லூருக்குப் பஸ் ஏறிப் போயிருந்தது. ஆட்டோ பிடித்துக் கேட்டுவிட வந்திருந்தார். வந்தவருக்கு என்ன தெரிந்தது என்று நினைத்துப் பார். பட்டப்பகலில் இருட்டாக்கின அறை, குப்பென்று ஸ்பிரிட் வாசனை, மீன் நாற்றம், தரையில் இரண்டு பொம்பளைகள். சரிதான், கேள்விப்பட்டது உண்மைதான் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நான் எழுந்து உளற ஆரம்பித்தேன். நீ அவர் பக்கத்தில்கூடப் போகவில்லை. அவருக்குப் பயம் என்று தெரியும் உனக்கு. இருந்த இடத்திலிருந்தே, ஒரே ஒரு நிமிஷம் இதைப் பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்கள் சம்பந்தியம்மா என்று கேட்டுக்கொண்டாய்.

அவர் உன்னைவிட்டுத் தள்ளி, எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். நூல் நூலாக வருவதைப் பார்த்து முதலில் கோபம்கூட மறந்துவிட்டது. என்ன இது என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாத கதிர் நடக்கிற தடம், ஆஸ்பத்திரியில் வைத்த கரண்டுக்கு உறவுமுறை என்று நீ சந்தோஷத்தில் சொல்லிவிட்டாய். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"அப்ப இது அத்தினியும் உங்க ஒடம்புலருந்துதான் வருதா?"

நான் அன்றுவரை உன் முகம் அப்படி வாடிப் பார்த்ததில்லை. அத்தனை நாள் பாடுபட்டுக் கட்டிய பெட்டி உனக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது. விளக்கம் சொல்ல எனக்கு வாய் துடித்தது. நீ பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாய். எழுந்து வெளியே போனாய், நாங்கள் வாசலில் வந்து பார்த்தோம். வாசலைத் தாண்டி, மாட்டுக்கொட்டகையைத் தாண்டி, வரப்பில் நடந்து, கரும்புக்கொல்லை ஓரத்துப் பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் போய் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றாய். நிழலுக்கு அங்கே ஒரு மரம்கூட இல்லை.

அப்போதுதான் நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. இப்ப உள்ள வந்து பாருங்கம்மா என்றேன். அவர் பார்த்தார். ஒரு இழை குறுக்கே ஓடியது. அதன்மேல் இன்னொன்று. நீ வெகுதூரத்தில் நிற்கிறாய், நூல் நிற்கவில்லை. அவர் தன்னைச் சந்தேகப்பட்டு எழுந்து கூடத்துக்குப் போய், அங்கிருந்தபடியே இப்ப வருதா என்று கேட்டார். வருது என்றேன். என்னைப் போகச் சொல்லிவிட்டு அவர் மட்டும் தனியாக உட்கார்ந்து பார்த்தார். யார் இருந்தாலும் யார் போனாலும் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு விஞ்ஞானி இந்தப் பரிசோதனையில் ஆயிரம் ஓட்டை கண்டுபிடிப்பார். அவருக்கு அது போதுமாக இருந்தது. எழுந்து ஜன்னல் போர்வையை விலக்கி வெளியே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குரல் இறங்கிச் சொன்னார்:

"அவங்கள உள்ள கூப்புடுமா. வெயில்ல நின்னுகினு இருக்காங்க."

நீ வியர்த்து வழிந்து வந்தாய். அவர் தன் முந்தானையால் உன் முகத்தைத் துடைத்துவிட்டார். அதுவரை உன்னைத் தொடாதவர். அப்புறம்தான் தன் மூத்த மருமகளுக்கு இரண்டு தடவை பிள்ளை தங்காமல் போன கதையைச் சொன்னார். எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது, யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் எல்லாரையும் தள்ளிவைத்தேன் என்றார். நீ அவரைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று உட்காரவைத்தாய். சாப்பிட்டுக்கொண்டே அவர், அதெல்லாம் சரி, சாராயக்கடைக்கு எதற்குப் போனீர்கள் என்று மறக்காமல் கேட்டார். அதை விளக்குவதுதான் அணு இயற்பியலைவிடக் கஷ்டமாக இருந்தது.

வளைகாப்பு அன்று நீ உன் மகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். நான் வழக்கம்போலப் பந்திப் பக்கம் இலை எண்ணிக்கொண்டிருந்தேன். பிள்ளை பெறாதவள் வளையல் போட வரக்கூடாது என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லவிடாமல் நானே ஒதுங்கிப் பழகியிருந்தேன். நீ சம்பந்தியம்மாவின் காதில் ஏதோ சொன்னாய். அவர் அத்தனை பேர் நடுவில் சத்தமாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவசரத்தில் நான் போட்டுவிட்டபோது இரண்டு வளையல் உடைந்தது. உடைந்தால் கண்ணேறு கழிந்தது என்று நீ உடனே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தாய். அப்படி ஒரு சாஸ்திரம் உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உன் மகள் தாய்வீட்டில்தான் பெற்றாள். வெந்நீர் போட்டது, பத்தியம் வடித்தது, பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது எல்லாம் நீதான். இரண்டு வருஷம் அந்தக் குழந்தை 'ஆயா, ஆயா' என்று பாட்டியான உன் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. அதற்குப் பிறகு நோய் திரும்பி வந்தது. அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. நீ இல்லாத இந்தத் தெருக்கள் எனக்குப் பிடிக்கவில்லை, அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. பயந்தவர்களோடு நான் வாதாடுவதில்லை. நான் சொல்வதுதான் சரி என்று தெரிந்தாலும், வாயை மூடிக்கொண்டு அவர்கள் நிதானமாகப் பார்த்துக்கொள்ள இடம் விட்டு நகர்ந்துவிடுகிறேன். வெயில் சுடத்தான் செய்கிறது.

இப்போது உன் மகள் இரண்டாவது தடவை முழுகாமல் இருக்கிறாள். செலியமேட்டில் உன் வீட்டுக்காரர் தனி ஆள், சமைப்பதும் அவரே, தின்பதும் அவரே. போன வாரம் சம்பந்தியம்மா எனக்குப் போன் செய்தார். மருமகளை அனுப்பவேண்டும், அவங்க இல்லாததால் உங்களிடம்தான் அனுப்பப்போகிறேன் என்றார். பிரசவம் பார்த்துப் பழக்கமில்லை, பெற்றுப் பழக்கமும் இல்லை, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று இழுத்தேன். அவர் கேட்டார்: "எனக்கே பயமில்ல. உங்களுக்கு இன்னாமா பயம்?"

நாளைக்கு வருகிறார்கள். பெரிய அறையைக் காலி செய்து கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாயிற்று. காட்டன் புடவைகளைத் துவைத்துக் காயவைத்திருக்கிறேன். இன்று காலையில் உன் பேத்தி அவள் அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கி, நாளைக்கு நாங்க ஆயா வூட்டுக்குத்தான வர்றோம் என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.